வெண்டல் ஓலிங்கரின் ஆறு பக்கங்கள்

வெண்டல் ஓலிங்கரின் வரலாற்று வகுப்பில் அவித்த முட்டை தின்னக் கூடாது. மூன்றாம் பக்கம், எட்டாவது விதி. 'மனித குலம் தோன்றிய நாள் முதல்' என்று கட்டுரையைத் தொடங்கக் கூடாது. கழிப்பறைக்குப் போகலாம், கையைத் தூக்கினால் போதும், கதை சொல்ல வேண்டாம். வாதம் செய்யும்போது எதிராளி சொன்னதை முதலில் அவன் தலையாட்டும்படி திருப்பிச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் அவனை வெளுக்க வேண்டும். இப்படி ஆறு பக்கம். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சம்பவம் உண்டு. முட்டைச் சம்பவம் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

நான் கோனி. பள்ளி அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். ஆகஸ்ட் மாதம் பள்ளி திறந்ததும் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அந்த ஆறு பக்கத்தையும் நகல் எடுத்துக் கொடுப்பது என் தலையெழுத்து. நாலாம் பக்கம் வரும்போது இயந்திரம் தாளைக் கடித்துக்கொள்ளும். நான் திட்டுவேன். வெண்டல் வாசலில் நின்று, காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் அப்பனைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பார். இருபத்தேழு வருஷமாக அந்தத் தாள்தான் அவருக்குப் பிள்ளை.

கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்திட்டு முதல் வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். படித்தார்களா என்று ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டது எங்கள் தலைமையாசிரியை ரோண்டா ஸ்டக்கி. நல்ல பெண்மணி, ஆனால் ஒரு பக்கத்துக்கு மேல் எதையும் படிக்க மாட்டாள். போன வருஷம் மேலிடத்திலிருந்து எல்லாப் பாடத்துக்கும் பொதுவாக ஒரே பக்கத்தில் ஒரு விதித்தாள் வந்தது. 'மரியாதையாக இரு, பொறுப்பாக இரு, தயாராக இரு.' அவ்வளவுதான். இனி எல்லோரும் இதையே கொடுக்க வேண்டும் என்றாள். வெண்டலுக்கு முகம் சுண்டிப் போயிற்று. என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்கள் ஆறு பக்கத்தையும் படிக்கிறார்கள் என்றார். ஒருத்தர்கூட படிப்பதில்லை என்றாள் இவள்.

"சரி வெண்டல், ஒரே ஒருத்தர் அஞ்சாம் பக்கம் வரைக்கும் படிச்சாருன்னு காட்டுங்க. ஆறு பக்கமும் உங்களுக்கே. இல்லன்னா அடுத்த அரையாண்டுலேர்ந்து ஒரு பக்கம்தான்."

வெண்டல் ஒப்புக்கொண்டார். ஐந்தாம் பக்கத்தில் கழிப்பறை விதிக்கும் வரைபட விதிக்கும் நடுவே ஒரு வரியை ஒளித்து வைப்பதாகத் திட்டம். படித்தவர் எதையாவது கொண்டுவர வேண்டும். எதை? யாருக்கும் செலவு வைக்காத பொருளாக இருக்கட்டும், எல்லா வீட்டிலும் இருப்பதாக இருக்கட்டும் என்று என்னிடம் யோசனை கேட்டார். நான் பெரிய மேதாவி மாதிரி, "சுக்கினி கேளுங்க" என்றேன். வெள்ளரிக்காய் போல இருக்கும், சுரைக்காய் இனம்.

அப்படியே எழுதினார்: 'இதைப் படிப்பவர் செப்டம்பர் மாதப் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு சுக்கினிக்காய் கொண்டு வரவும்.'

ஓஹாயோவில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர் செய்யக் கூடாத தவறு இது. செப்டம்பரில் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனால் காரைப் பூட்டாமல் இறங்க மாட்டோம். திருட்டு பயமில்லை. திரும்பி வருவதற்குள் பின்சீட்டில் யாராவது நாலு சுக்கினியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு செடி வைத்தால் தெருவுக்கே காய்க்கும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெற்றோர் கூட்டத்து நாள் வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வெண்டலின் ஏட்டில் இருந்த காயோ பை பையாக வந்து இறங்கியது. மேஜை மேல் முப்பத்தொன்று. சில காய்கள் கைக்குழந்தை கனம் இருந்தன. வெண்டல் வாயெல்லாம் பல்லாக ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு பக்கமாக இருந்தால் எனக்குத்தான் வேலை குறைவு என்பதுகூட மறந்துவிட்டது.

ரோண்டா உள்ளே வந்து மேஜையைப் பார்த்தாள். பிறகு சாந்தமாகச் சொன்னாள்: "என் மேஜையில நாலு கெடக்கு. ஸ்பானிஷ் டீச்சர் ரூம்ல ஒம்போது. நாங்க யாரும் கேக்கவே இல்லயே."

வெண்டலின் சிரிப்பு அப்படியே நின்றது. அவருடைய சொந்த விதி, இரண்டாம் பக்கம்: ஒரு விஷயத்துக்கு வேறு காரணமும் இருக்க முடியுமென்றால் அது சான்று ஆகாது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். வேறு யாராவது என்றால் மழுப்பியிருப்பார்கள். இவர் பெற்றோரைப் பார்த்து, ஐந்தாம் பக்கத்தைப் படித்துவிட்டுக் கொண்டுவந்தவர் கை தூக்குங்கள் என்றார்.

ஒரு கையும் எழவில்லை. ஒருவர் தன் மனைவி படித்தாள் என்றார். மனைவியோ அவர்தான் படித்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். முன்வரிசை அம்மாள் மட்டும் உண்மையைச் சொன்னாள். "அஞ்சாம் பக்கமா? வீட்டுல தீரவே மாட்டேங்குது மிஸ்டர் ஓலிங்கர். அதான்."

எல்லோரும் சிரித்தார்கள். வெண்டலும் சிரிக்கப் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை, அழுகையே வந்துவிட்டது.

"நீங்க சொன்னதுதான் சரி ரோண்டா" என்றார்.

அப்போது கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தான். டேரல் பிக்ஸ்லர், தீவன ஆலையில் வேலை, கென்னா என்ற பெண்ணின் அப்பா. தொப்பியில் தவிட்டுத் தூசி. கையில் காய் இல்லை. நாலாக மடித்த தாள்கள் மட்டும் இருந்தன.

"எங்க தோட்டத்துல மான் பூந்து எல்லாத்தையும் தின்னுடுச்சி" என்றான். "சுக்கினி கொண்டாரலன்னா கென்னாவுக்கு மார்க்கு கொறையுமா? அது எழுதல. அதக் கேக்கத்தான் வந்தேன்."

ரோண்டா வெண்டலைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஒருத்தன் படித்திருக்கிறான், வெண்டல் ஜெயித்துவிட்டார். நான் கை தட்டப் போனேன், ஆனால் டேரல் இன்னும் உட்காரவில்லை.

"இன்னொண்ணு. மூணாம் பக்கத்துல, அஞ்சு நாளுக்கு மேல லேட்டான கட்டுரைய வாங்க மாட்டேன்னு போட்டிருக்கீங்க. அஞ்சாம் பக்கத்துல, அரையாண்டு முடியறதுக்குள்ள எப்பக் குடுத்தாலும் பாதி மார்க்குன்னு இருக்குது. இதுல எது?"

வெண்டல் தாளை வாங்கினார். மூன்றாம் பக்கம், ஐந்தாம் பக்கம், மறுபடி மூன்றாம் பக்கம். நான் எத்தனை ஆயிரம் தடவை நகல் எடுத்திருப்பேன், என் கண்ணிலும் பட்டதில்லை.

"இருபத்திரண்டு வருஷம் முன்னாடி என் கட்டுரை ஆறாவது நாள்தான் வந்துச்சி" என்றான் டேரல். குரலில் கோபம் இல்லை. "கால்வாய் பத்தி எழுதினேன். நீங்க மூணாம் பக்கத்தக் காட்டினீங்க. ஃபெயிலாகி, கோடை விடுமுறை பூரா இதே ரூம்ல உக்காந்தேன். அஞ்சாம் பக்கம் அப்ப இருந்துச்சோ என்னமோ. நான் படிக்கல. எங்கப்பாவும் படிக்கல. கையெழுத்துகூட அவருது இல்ல, நாந்தான் போட்டேன். அதான் இந்தத் தடவ உக்காந்து படிச்சேன், ரெண்டு ராத்திரி."

வெண்டல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இருந்துச்சி டேரல். அப்பவே இருந்துச்சி. நான் எழுதினதுதான், எனக்கே ஞாபகமில்ல. பாதி மார்க்குல நீ பாஸாயிருப்ப. என் தப்பு. மன்னிச்சுக்கோ."

ஒரு வாத்தியார் முப்பது பெற்றோர் முன்னால் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த மனிதனுக்கு ஆறு பக்கம் என்ன, அறுபது பக்கமே நகல் எடுக்கலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

டேரல் காதைச் சொறிந்துகொண்டு, கட்டுரையும் ஒன்றும் பிரமாதமில்லை என்றான்.

வெண்டல் மேஜை மேல் இருந்த காய்களைக் கையால் ஒதுக்கி இடம் செய்துகொண்டு, மூன்றாம் பக்கத்து விதியைப் பேனாவால் அடித்தார். ஓரத்தில் 'பாதி மதிப்பெண்' என்று எழுதினார். பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, பேனாவை டேரலிடம் நீட்டினார். அவன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து, எழுத்துக் கூட்டுகிறவனைப் போல மெதுவாகத் தன் பெயரைப் போட்டான்.

வெண்டல் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"லேட்டுதான்" என்றார். "ஆனா ஏத்துக்கிட்டேன்."