திசை தெரியாத புவியியல் டீச்சர்

புவியியல் டீச்சருக்குத் திசை தெரியாது. இதை முதலில் கண்டுபிடித்தவர் அவருடைய கணவர். கல்யாணமான மூன்றாம் நாள், தெருமுனைக் கடைக்கு உப்பு வாங்கப் போன புது மனைவி முக்கால் மணி நேரம் கழித்து, முற்றிலும் எதிர்ப்பக்கத்திலிருந்து, முன்பின் தெரியாத ஒரு சைக்கிள்காரரின் துணையோடு வந்து சேர்ந்தார். கணவருக்கோ பேருந்து ஓட்டுகிற வேலை. கண்ணைக் கட்டி விட்டாலும் டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிற ஆள். அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு பன்னிரண்டு வருஷமாக அவருக்கு ஓயவே இல்லை.

"எந்த ஆறு எந்தக் கடல்ல கலக்குதுன்னு கேளுங்க, டக்குன்னு சொல்லுவா. மாடிப்படி எந்தப் பக்கம்னு கேட்டீங்கன்னா ஒரு நிமிஷம் டைம் கேப்பா" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைப்பார். டீச்சரும் கூடவே சிரிப்பார். வகுப்பில் இதனால் ஒரு குறையும் வந்ததில்லை. சுவரில் படம் தொங்கும். மேலே வடக்கு, கீழே தெற்கு. குச்சியால் தொட்டுக் காட்டினால் தீர்ந்தது.

புதிய பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் மாதத்தில்தான் வினை வந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவள் 'ஏன்'. வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான் முதலில் வரும்.

"டீச்சர், வடக்கு மேலன்னு சொல்றீங்க. அப்போ மொட்டை மாடிக்குப் போனா வடக்கு வந்துருமா?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "சரி, எல்லாரும் வடக்கு எதுன்னு கையை நீட்டிக் காட்டுங்க" என்றார். நாற்பது கைகள் நாற்பது பக்கம் நீண்டன. ஒருவன் கூரையைக் காட்டினான்.

"நீங்க காட்டுங்க டீச்சர்" என்றாள் ஏன்.

டீச்சர் ஜன்னலைக் காட்டினார். நல்ல வேளை, மணி அடித்தது. அது தென்மேற்கு என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் 'ஏன்' நான்கு நாட்கள் சேர்ந்தாற்போல் வரவில்லை. கேள்வி இல்லாத வகுப்பு டீச்சருக்கு வெறிச்சென்று இருந்தது. பதிவேட்டிலிருந்து முகவரியைக் குறித்துக்கொண்டு, பள்ளி விட்டதும் கிளம்பினார். 'பம்ப் ஹவுஸ் பின்புறச் சந்து, 14/3'. பம்ப் ஹவுஸ் கிடைத்தது. அதன் பின்புறம்தான் கிடைக்கவில்லை.

"என்ன டீச்சர், துணி எதாவது தேய்க்கணுமா?" என்றார் சலவைக்கடைக்காரர், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு. "இல்ல, இதோட மூணு தடவை நம்ம கடையைத் தாண்டிட்டீங்க."

டீச்சருக்கு முகம் சிவந்துபோனது. அந்த நேரம் பார்த்துத்தான் தபால்காரம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெயிலில் வெளுத்த காக்கிச் சட்டை, தோளில் பை, காதோரம் செருகிய பேனா. முகவரிச் சீட்டைப் பார்த்தவர், "அட, நம்ம ஏன் வீடா? வாங்க, வாங்க" என்று முன்னே நடந்தார்.

"இந்தச் சந்துல பதினாலுக்குப் பக்கத்துல பதினெட்டு, அதுக்குப் பக்கத்துல ஒம்பது. யார் யார் எப்போ வீடு கட்டினாங்களோ அந்த வரிசையில நம்பரு. பதினேழு வருஷமா மனப்பாடமா வெச்சிருக்கேன். நான் ஒரு நாள் லீவு போட்டா இங்க ஒருத்தருக்கும் தபால் வராது."

ஏன், சுளுக்கிய காலை முக்காலி மேல் நீட்டிக்கொண்டு வாசலருகே உட்கார்ந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் கண் விரிந்தது. முதல் கேள்வி தயாராகவே இருந்தது. "டீச்சர், வடக்கு எதுன்னு பாத்து வெச்சீங்களா?"

டீச்சர் பதில் தேடுவதற்குள், தபால்காரம்மா மோவாயாலேயே சுட்டினார். "தண்ணித் தொட்டி தெரியுதுல்ல, அந்தப் பக்கம். காலையில வரும்போது வெயில் என் வலது கன்னத்துல அடிச்சா, வடக்கப் பாத்துப் போறேன்னு அர்த்தம். இதுக்கு எதுக்குப் புஸ்தகம்?"

பன்னிரண்டு வருஷம் குச்சியால் தொட்டுக் காட்டிய வடக்கு, முதல் தடவையாக டீச்சரின் கன்னத்துக்கு வந்தது.

"அக்கா, எங்க வகுப்புக்கு வர்றீங்களா?" என்று கேட்டார்.

"யாருக்கு ரிஜிஸ்டர் தபால்?"

"தபால் இல்லக்கா. பாடம் எடுக்க."

தபால்காரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "எனக்குப் படமெல்லாம் போடத் தெரியாது டீச்சர். நடக்கத்தான் தெரியும்."

"அப்போ நடப்போம்" என்றார் டீச்சர்.

தலைமையாசிரியர் லேசில் மசியவில்லை. "இன்னிக்குத் தபால்காரம்மா, நாளைக்குப் பால்காரர்னு ஆளாளுக்கு வந்து பாடம் எடுப்பாங்களா?"

"வரட்டும் சார். அஞ்சாம் வகுப்புல அளவைகள் பாடம் இருக்கே. லிட்டரை அவரை விட யாரு நல்லா சொல்லித் தருவாங்க?"

சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. குழம்பிய நிலையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

தபால்காரம்மாவின் வேலை முடிந்த வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில், பெற்றோரிடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு, வகுப்பு தெருவில் இறங்கியது. ஒரு குழு காலடி எண்ணியது, இன்னொன்று கயிறு பிடித்து அளந்தது, மற்றொன்று கட்டம் போட்ட தாளில் கோடு இழுத்தது. பத்துக் காலடிக்கு ஒரு கட்டம் என்று பேச்சு. நெட்டையனின் காலடியும் குட்டையனின் காலடியும் ஒத்துப்போகாமல் முதல் வாரம் பெரிய ரகளை. கடைசியில் எல்லோரும் கயிற்றுக்கு மாறினார்கள். எதற்காக உலகம் மீட்டரைக் கண்டுபிடித்தது என்று டீச்சர் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாவுமில்காரர் உடம்பெல்லாம் மாவோடு ஓடிவந்தார். "பாப்பா, என் கடையை மட்டும் கொஞ்சம் பெருசாப் போடும்மா."

"முடியாதுங்க. அளவுக்குத்தான் போடுவோம்" என்றாள் ஏன், கறாராக.

தபால்காரம்மா, கடிக்கிற நாய் உள்ள வீடுகளைச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் அதற்கென்று ஒரு குறியீடே கண்டுபிடித்தார்கள்: இரண்டு கோரைப்பல். படத்தில் அப்படி ஆறு இடங்கள்.

ஆறு வாரத்தில் படம் முடிந்தது. சரிபார்க்கலாம் என்று டீச்சர் வார்டு அலுவலகத்திலிருந்து அரசாங்கப் படத்தின் நகல் ஒன்றை வாங்கி வந்து பக்கத்தில் விரித்தார். தெருவுக்குத் தெரு ஒத்துப்போயிற்று. பம்ப் ஹவுஸ் வந்ததும் பிள்ளைகளின் விரல்கள் நின்றன. அரசாங்கப் படத்தில் அதன் பின்னால் சந்து இல்லை. பத்தொன்பது வீடுகள் இருக்க வேண்டிய இடத்தில் 'காலியிடம்' என்று எழுதியிருந்தது.

ஏன் வெகுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "அப்போ நான் எங்க டீச்சர் குடியிருக்கேன்?" என்றாள்.

டீச்சர் பிள்ளைகளின் படத்தில் அந்தச் சந்தின் மேல் விரலை வைத்தார். "நாம போட்ட படத்துல இருக்கேம்மா. அவங்க படத்துலயும் வர வைப்போம்."

வகுப்பு மொத்தமும் சேர்ந்து வார்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியது. பத்தொன்பது வீட்டாரும் கையெழுத்திட்டார்கள். படத்தின் பிரதியை இணைத்து உறையை ஒட்டியதும் தபால்காரம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து நில அளவையாளர் ஒருவர் நாடாவும் உதவியாளருமாக வந்தார். பிள்ளைகள் போட்ட படம்தானே என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அளந்தார், மறுபடி அளந்தார். "சந்து அகலம் ரெண்டடி அதிகமாக் காட்டியிருக்கீங்களே?" என்றார்.

"நீங்க சாக்கடை மூடியை விட்டுட்டு அளந்தீங்க. நாங்க சேர்த்து அளந்தோம்" என்றாள் ஏன். "அதுவும் நடக்கிற இடம்தானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நாடாவை இன்னொரு தடவை பிடித்தார். "சரியாத்தாம்மா இருக்கு" என்று குறித்துக்கொண்டார்.

புதிய படத்தில் சந்து ஏறியது. என்ன பெயர் வைப்பது என்று அலுவலகம் கேட்டபோது சந்துக்காரர்கள் இரண்டு நாள் சண்டை போட்டுக்கொண்டார்கள். கடைசியில் பிள்ளைகள் சொன்னதே நின்றது: பத்தொன்பது வீட்டுச் சந்து. கதவு எண்களும் ஒன்று முதல் பத்தொன்பது வரை வரிசையாக மாறின.

"போச்சு போங்க, பதினேழு வருஷ மனப்பாடம் மொத்தமா வீணாப் போச்சு" என்று தபால்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். முகமோ பூரித்துக் கிடந்தது.

பெயர்ப்பலகை மாட்டிய மறுநாள், டீச்சர் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார். ஏன் தவிர மற்ற முப்பத்தொன்பது பேரும் அவளுடைய புது முகவரிக்கு ஆளுக்கொரு கடிதம் எழுத வேண்டும். டீச்சரும் ஒன்று எழுதினார்.

சனிக்கிழமை காலை, சந்துக்குள் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. "பத்தொன்பது வீட்டுச் சந்து, கதவு எண் ஏழு! தபால்!" என்று தபால்காரம்மா ஊருக்கே கேட்கும்படி கத்தினார். ஏன் ஓடிவந்தாள். ஒன்று, இரண்டு என்று கையில் அடுக்கிக்கொண்டே போக, கை நிறைந்து, பாவாடையை விரித்துப் பிடித்தாள். அக்கம்பக்கத்துக் கதவுகளெல்லாம் திறந்துகொண்டன.

"இவ்வளவும் எனக்கா? ஏன்?"

"படிச்சுப் பாரு, தெரியும்" என்றார் தபால்காரம்மா.

அவள் படியிலேயே உட்கார்ந்து முதல் உறையைப் பிரித்தாள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதி முடிக்க அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. டீச்சருக்கு வந்த பதிலில் மட்டும் பதினோரு கேள்விகள் இருந்தன.