அண்ணையும் குதிரையில்லாத குதிரைப் படையும்

எங்கள் அண்ணை மறைந்து முப்பத்தொரு நாள்கள் ஆகின்றன. பிள்ளைகள் உறங்கியபின் இதை எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் உறவுகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை எங்கள் வீட்டின் மூத்த ஆண்பிள்ளையாகப் பருத்தித்துறையில் பிறந்தார். எங்கள் தகப்பனார் ஐயா இளவயதில் காலமானபின், தம்பி தங்கைகளான எங்களைப் படிக்கவைத்தவர் அவரே. அகதியாக ஜெர்மனிக்கு வந்து, வடபகுதியிலிருந்த பிரித்தானியப் படைமுகாம் ஒன்றின் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்தது குதிரைப் பீரங்கிப் படை. ஆனால் முகாமில் ஒரு குதிரைகூட இல்லை. உணவுக்கூடச் சுவரில் தொங்கிய அதன் வரலாற்றைப் படித்துவிட்டு, தொலைபேசியில் எனக்குச் சொல்வார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் மற்றப் பீரங்கிக்காரர் நடந்து போக, இவர்கள் எல்லோரும் குதிரையேறி, குதிரைவீரர்களுக்கு ஈடாகப் பீரங்கியை இழுத்துக்கொண்டு ஓடினார்களாம். பிறகு வாகனங்கள் வந்தன, குதிரைகள் போயின, பெயரை மட்டும் அவர்கள் விடவில்லை.

என் கணவர் இறந்தபின் நானும் இரு பிள்ளைகளும் வேறு நகரத்து ஹைமில், அதாவது அகதிகள் விடுதியில், இன்னொரு குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்தோம். அறைச் சுவரெல்லாம் ஈரம். இளையவனுக்குத் தொய்வு, இரவெல்லாம் இருமி மூச்சு இழுக்கும். அண்ணையின் வீட்டுக்கு மாற அனுமதி வேண்டுமானால், அவருக்கு நிரந்தர வேலை இருப்பதைக் காட்ட வேண்டும். விண்ணப்பத்தை அண்ணையே நிரப்பினார். வேலையிடத்தின் பெயரைக் கேட்ட இடத்தில், பீரங்கிக்கு ஜெர்மன் சொல் தெரியாததால், தெரிந்த குதிரையை மட்டும் எழுதிவிட்டார்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி அதைப் பார்த்து, "குதிரைப் பண்ணையா? கோடைகால வேலையை நாங்கள் ஏற்பதில்லையே" என்றார்.

பக்கத்தில் இருந்த அண்ணையின் பக்கம் திரும்பினேன்.

"அண்ணை, என்னத்தை எழுதினனீங்கள்?"

"பொறு பிள்ளை, பதறாதை. சரித்திரத்தைச் சொல்லுறன்."

சொன்னார், இருநூறு ஆண்டுகளையும். சொல் கிடைக்காத இடத்தில் கையை நீட்டிப் பீரங்கியாக்கி, "பும்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அப்படியானால் நீங்கள் சுடுவீர்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை அம்மா, உருளைக்கிழங்கு உரிப்பேன்."

அவரும் சிரித்துவிட்டு, முகாமுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார். முத்திரை விழுந்தது.

அண்ணையின் வீட்டில் இளையவன் இருமாமல் உறங்கினான். கடந்த மாதம் ஒரு காலை, வேலைக்குப் புறப்பட்ட அண்ணை நெஞ்சைப் பிடித்தபடி அமர்ந்தார். எழும்பவில்லை.

ஓடிவந்து பிள்ளைகளைத் தம்மோடு அழைத்துச்சென்ற பக்கத்துவீட்டு அக்காவுக்கும், சமைத்து அனுப்பிய உறவுகளுக்கும், முகாமிலிருந்து வந்து பெட்டிக்குத் தோள்கொடுத்த படையினருக்கும், இதை வாசிக்கப்போகாத அந்த அதிகாரிக்கும் எங்கள் நன்றி.

அண்ணைக்கு நான் நேரில் நன்றி சொன்னதில்லை. ஒருமுறை வாயெடுத்தபோது, "விசர்க்கதை கதையாதை, சோத்தைப் போடு" என்று மறித்துவிட்டார். இன்று மறிக்க அவர் இல்லை.

நன்றி, அண்ணை.