செங்கோட்டையில் திரும்பாத தலை

பிற்பகல் மூன்றே முக்காலுக்குப் பழைய டெல்லியின் செங்கோட்டையில் எங்கள் பதினாறு வயது மகளைக் காணவில்லை. "கார் து நோர் ரயில் ஸ்டேசன் சனத்துக்குள்ளை தனியத் திரியிறவள், இஞ்சையே தொலையப்போறாள்?" என்று கணவர் சிரித்தார். பாரிஸில், நாங்கள் குடியிருக்கும் லா சப்பேலில், அவள் கொஞ்சம் பிந்தினாலே பதறுகிறவள் நான். முகலாய அரசரின் பளிங்கு மேடைக்கு முன்னால் நின்று அவள் பெயரைக் கத்தினேன். அருகே நின்ற பிரெஞ்சுச் சுற்றுலாக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. காலையில் நான் பின்னிவிட்ட பின்னல் அது.

கூட்டம் சற்று நகர்ந்த பிறகுதான் வந்தாள். எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்பவள், அவர்களுக்குப் புரியக் கூடாதென்று தமிழில் சொன்னாள்:

"கத்தாதேங்கோ அம்மா. ஆர் அந்த மனுசி எண்டு கேட்டவை. தெரியாது எண்டு சொல்லிப்போட்டன்."