நிறைகுடமும் நகர்மன்றத் தேர்தலும்

அந்தத் தேர்தல் வருவதற்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். மதுரையில் பொருளியலில் முதுகலை முடித்து, இராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராகச் சேர்ந்து, துறைத் தலைவராக ஓய்வு பெற்றவன் நான். குடியிருப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். பாகப்பிரிவினையோ கணவன் மனைவி பிணக்கோ, எதுவானாலும் வழக்கறிஞரிடம் போகும் முன் என்னிடம் வருவது இரண்டு ஊர்களிலும் பலருக்கு வழக்கமாக இருந்தது. நான் சொன்னதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. நான் ஒரு பக்கம் சாய்ந்தேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. எந்தக் கட்சி மேடையிலும் நான் ஏறியதில்லை. அழைத்தவர்கள் அதிகாரத்தில் இருந்தபோதும் ஏறவில்லை, அதிகாரம் இழந்து வந்து அழைத்தபோதும் ஏறவில்லை.

என் ஒரே மகளை இராஜபாளையத்தில் கொடுத்திருந்தேன். சம்பந்தி மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்து அனுப்பும் தொழிலில் முன்னுக்கு வந்தவர். உழைப்பாளி, கை தாராளம், வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மருமகன் தந்தையின் தறிக்கூடத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

பல ஆண்டுகள் நடக்காமல் இருந்த உள்ளாட்சித் தேர்தல் தொண்ணூறுகளின் நடுவில் அறிவிக்கப்பட்டது. நகர்மன்றத் தலைவரை மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பந்தி சுயேச்சையாக நின்றார். அவருக்கு மேசை விளக்குச் சின்னம் கிடைத்தது. என் மகள் அப்போது ஏழாம் மாதத்தைக் கடந்திருந்தாள்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவது எங்கள் பக்கத்து முறை. அதற்கு முன் புகுந்த வீட்டில் வளைகாப்பு நடத்தி, வளையலும் பூவுமாக அவர்களே கைப்பிடித்து அனுப்ப வேண்டும். வளைகாப்பு இல்லாமல் பெண் பிறந்த வீட்டுக்கு வந்தால், ஊர் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் கொள்ளும். அப்படி வந்து நின்ற பெண்களின் வழக்குகளை நானே பேசித் தீர்த்திருக்கிறேன். ஆகையால் அந்த முறையின் எடை எனக்குத் தெரியும். நாள் குறிக்கச் சொல்லி இருமுறை ஆள் அனுப்பினேன். புரட்டாசி போகட்டும் என்றார்கள். பிறகு, தேர்தல் முடியட்டும் என்றார்கள்.

காரணத்தை நான் தாமதமாகவே அறிந்தேன். பிரச்சாரம் தொடங்கிய முதல் நாள் காலை சம்பந்தி படியிறங்கியபோது, என் மகள் அடிகுழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தற்செயலாக எதிரே வந்திருக்கிறாள். கர்ப்பிணி, இடுப்பில் நிறைகுடம். அன்றைக்கே, அவருக்கு எதிராக நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு தெருப் பெரியவர் தாமாக வந்து மாலை போட்டுவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு நாள் விடியலிலும் அவள் குளித்து, தலைமுடிந்து, பூவைத்து, வழிய வழிய நிரப்பிய குடத்தோடு வாசலில் நிற்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அவர் குளித்து, பூசை முடித்து, ஆட்களோடு பேசி, புறப்படும்வரை நிற்க வேண்டும். குடத்தைக் கீழே வைக்கக் கூடாது. உட்காரக் கூடாது.

இதை எனக்குச் சொன்னவர் அவர்களுக்கு எதிர்வீட்டில் இருந்த தெலுங்கு பேசும் அம்மையார். கடைத்தெருவில் என்னைக் கண்டு நிறுத்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சார், உங்க பொண்ணு காலைப் பாத்தீகளா? எம்புட்டு வீக்கம். செருப்புக்குள்ள கால் நுழையல. வெறுங்காலோட நிக்குது."

நான் அன்றே சம்பந்தி வீட்டுக்குப் போனேன். பெண்ணைக் கொடுத்தவன் குரல் உயர்த்திப் பேசுவது முறையல்ல, நான் உயர்த்தவுமில்லை. வீடு முழுக்கச் சுவரொட்டியும் பசை வாளியுமாக இருந்தது. மகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். முகம் உப்பியிருந்தது. விரல்கள் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. கண் அடிக்கடி மங்குவதாகச் சொன்னாள். அதையும் மாமனார் காதில் விழாதபடி, தம்ளரை எடுக்கும் சாக்கில் குனிந்து சொன்னாள்.

இரத்த அழுத்தம் கூடியிருப்பதன் அறிகுறிகள் இவை என்றும், எங்கள் ஊரில் அவளை ஏற்கெனவே பார்த்துவரும் பெண் மருத்துவர், இப்படிக் கண்டால் உடனே படுக்கையில் ஓய்வு வேண்டும் என்று முன்பே சொல்லியிருக்கிறார் என்றும், வளைகாப்பை எளிமையாக வைத்து அனுப்பிவிடலாம் என்றும் எடுத்துரைத்தேன்.

சம்பந்தி சிரித்தார். "நான் ஆஸ்பத்திரிக்கே துணி குடுக்கிறவன் சம்பந்தி. எனக்குத் தெரியாத டாக்டரா? புள்ளத்தாச்சின்னா கால் வீங்கத்தான் செய்யும்."

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வேட்பாளர் வீட்டு மருமகள் வளைகாப்பு இல்லாமல் இப்போது கிளம்பினால் எதிராளி அதையே மேடைக்கு மேடை பேசுவான் என்றார். அது பொய்யல்ல. அதன் பிறகுதான் அவர் மனத்தில் இருந்தது வெளியே வந்தது.

"ஒரே ஒரு மேடை ஏறுங்க. நீங்க சொன்னா இந்த ஊர்ல படிச்சவன் கேப்பான். ஏறிப் பேசிட்டு, மறுநாளே புள்ளையக் கூட்டிட்டுப் போங்க. வளைகாப்ப நானே காலையில வச்சுத் தாரேன்."

ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். ஆயுள் முழுவதும் காத்த ஒன்றைக் கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. மகளின் கைவிரல்களும் கண்முன் இருந்தன. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஏறுங்கள் என்றாள்.

ஏறினேன். என்ன பேசினேன் என்பதை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், சந்தைக் கழிவு ஆகியவற்றைப் பற்றிப் பேசினேன். நகர்மன்றத்தின் வரவு எங்கிருந்து வருகிறது, எங்கே கசிகிறது என்பதை என் பாடத்தின் முறையில் விளக்கினேன். வேட்பாளரைப் புகழ்ந்து ஒரு சொல் சொல்லவில்லை. என் சம்பந்தி என்ற உறவைக் குறிப்பிடவில்லை. முடிவில், மேசை விளக்குக்கு வாக்களியுங்கள் என்று சொன்னேன், அதற்காகத்தான் ஏற்றப்பட்டிருந்தேன். கீழே நின்றவர்களில் என் பழைய மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது அவன் மேடையை ஒட்டி நின்றதால் எனக்கும் கேட்டது.

"ஏலே, நம்ம சாரையே இறக்கிட்டாங்கள்ல. இனி யாரைத்தான் நம்பச் சொல்லுதே?"

மறுநாள் காலையிலேயே வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு போனேன். மனைவி வளையல், சீப்பு, பழம், புடவை எல்லாம் தாம்பாளத்தில் அடுக்கித் தந்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது மகள் வாசலில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள். மருமகன் கதவோரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

சம்பந்தி நெற்றியில் திருநீறோடு வெளியே வந்து, முதலில் குடத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். பேச்சு அமர்க்களம் என்றார். ஒலிநாடாவில் பதிந்து ஆட்டோக்களில் போடச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பிறகு என் கையிலிருந்த தாம்பாளத்தைக் கண்டார்.

"இன்னும் கொஞ்ச நாள்தான சம்பந்தி. இத்தனை நாள் நின்னது நின்னாச்சு. நடுவுல மாத்தினா நல்லாவா இருக்கும்? ஜெயிச்ச பொறவு மண்டபம் பிடிச்சு, மேளம் வச்சு வளைகாப்பு. என் பேத்தியோ பேரனோ சேர்மன் வீட்டுப் புள்ளையாப் பெறக்கட்டும்."

அவர் வாக்குக் கொடுத்ததை நினைவூட்டினேன். அவர் மறுக்கவில்லை, மாற்றிச் சொன்னதாகவும் ஒப்புக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்து இரண்டு முறை குலுக்கிவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். மருமகனைப் பார்த்தேன்.

"அப்பா சொன்னா ஒரு காரணம் இருக்கும் மாமா," என்றார்.

மகள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கார் நிற்கிறது, வந்து ஏறு என்ற சொல் என் வாய்வரை வந்தது. தெருவில் அவருடைய ஆட்கள் நின்றார்கள். அன்று அவளை ஏற்றியிருந்தால், வளைகாப்பு வைக்காத வீட்டிலிருந்து தந்தை மகளைத் தூக்கிக்கொண்டு போனான் என்றாகும். அவள் திரும்பிப் போக ஒரு கதவு இருக்காது. அதைத் தீர யோசித்துத்தான் நான் ஏற்றவில்லை. அந்த நேரத்தில் என் அறிவுக்கு எட்டிய நியாயம் அதுவே. இன்றும் அதை மாற்றிச் சொல்லப் போவதில்லை.

கார் காலியாகத் திரும்பியது. இராஜபாளையத்து எல்லையைத் தாண்டும்வரை என் குரலே ஆட்டோ ஒன்றிலிருந்து எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. வடிகாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, மரியாதைக்காகச் சாளரத்தை ஏற்றினார்.

வீட்டு வாசலில் மனைவி ஆரத்தித் தட்டோடு நின்றாள். காரின் பின்னிருக்கையைக் குனிந்து பார்த்தாள்.

"பேசிட்டு வந்தீகல்ல. புள்ள எங்க?"

அதற்குப் பிறகான நாட்களில் நான் செய்யக்கூடியவை அனைத்தையும் செய்தேன். சம்பந்திக்கு நெருக்கமான இருவரை அனுப்பினேன். அவர்கள் போனார்கள், சாப்பிட்டார்கள், தேர்தல் நிலவரத்தைத் தெரிந்துகொண்டு திரும்பி வந்தார்கள். பெண் மருத்துவரையே அழைத்துப் போகிறேன் என்று சொல்லியனுப்பினேன். வேட்பாளர் வீட்டுக்குள் மருத்துவர் வந்தால் வேறு பேச்சாகும் என்று பதில் வந்தது. மற்றவர்கள் வீட்டுப் பூசலையெல்லாம் அரை நாளில் தீர்த்த எனக்கு, அங்கே வாசலைத் தாண்டி ஒரு சொல்லும் செல்லவில்லை. இரவில் மனைவி உறங்கவில்லை. நானும் உறங்கவில்லை. 

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன், காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. வாசல் கதவைத் தட்டாமல் யாரோ அதில் சாய்ந்த ஓசை கேட்டது. திறந்தேன். மகள் நின்றாள். நனைந்த சேலை, தலையில் பூ, வெறுங்கால். கையில் பேருந்துச் சீட்டைக் கசக்கிப் பிடித்திருந்தாள்.

"குடத்த வாசல்ல வச்சிட்டு வந்துட்டேன்ப்பா. மாமா குளிச்சிட்டு இருந்தாக." மூச்சு வாங்கினாள். "கண்ணு தெரியல. செத்த நேரம் படுத்துக்கிறேன்."

படுக்கவிடவில்லை. தெருமுனையில் நின்ற ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். போகும் வழியிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது. மருத்துவர் அறுவைக் கூடத்துக்குள் போகும் முன் என்னிடம் கேட்டது, ஏன் இத்தனை நாள் அழைத்து வரவில்லை என்பதுதான். நான் பதில் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்க நிற்கவில்லை.

எங்கள் ஊரிலும் அதே தேர்தல்தான். மருத்துவமனைக்கு வெளியே அன்று மாலையோடு பிரச்சாரம் ஓய்ந்தது. ஒலிபெருக்கிகள் ஒவ்வொன்றாக நின்ற பின், தாழ்வாரத்தில் மனைவி மெல்ல விசும்பும் ஓசை மட்டும் எனக்குக் கேட்டது. மகள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. நான் ஒரு முறை பார்த்தேன்.

சம்பந்தி வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகு வந்தார். தோற்றிருந்தார். முதல் நாள் மாலை போட்ட அதே தெருப் பெரியவர் கடைசியில் வேறொருவருக்கு வேலை செய்ததில், சம்பந்தியின் சொந்தத் தெருவே பிரிந்து வாக்களித்திருந்தது. எண்ணிக்கைக் கூடத்தில் இருந்த பலரும் அதை என்னிடம் சொன்னார்கள். சம்பந்தி மருத்துவமனை வார்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, கட்டிலைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மூணு காலைதான் சம்பந்தி பாக்கி இருந்துச்சு. நீங்க பொறுத்திருக்கலாம்."

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பின்னர் மருமகன் பலமுறை வந்து அழைத்தார். அவள் போகவில்லை. நான் போ என்று சொல்லவில்லை.

வாக்குப்பதிவுக்கு முன் நான் என் மகளைப் புகுந்த வீட்டிலிருந்து அழைத்து வந்துவிட்டேன் என்றும், அதனால்தான் அவர் தோற்றார் என்றும் இராஜபாளையத்தில் இன்னமும் சொல்கிறார்கள். அது தவறு. நான் அழைத்து வரவில்லை. அவள் தானாகவே பேருந்தேறி வந்தாள்.