தோலுக்கு ஒரு மோட்டார்

போன வாரத்துக்கு முந்தின திங்கள்கிழமை என் தையல் மெஷினின் மோட்டார் செத்துப்போனது.

சும்மா போகவில்லை. ஒரு உறுமல், கொஞ்சம் புகை, அப்புறம் ஒரு நாற்றம். வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். திறந்து பார்த்தார். "இதுல இன்னமே கட்டுறதுக்கு ஒண்ணுமில்லண்ணே. அடக்கம் பண்ணிருங்க" என்றார்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். உச்சிப்புளி பஸ் ஸ்டாப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை. செருப்பு, பெல்ட், தோல் பை தைக்கிறேன். எழுதும்போது வருகிற பேச்சு நேரில் வராது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கச் சொன்னால் எனக்கு வேர்த்துவிடும்.

அன்றைக்கு மேஜை மேல் பாதி முடிந்த ஒரு ஜோடி ஷூ கிடந்தது. ஜைனம்பு லாத்தாவுடையது.

லாத்தா என்றால் அக்கா. புதுமடத்தில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறவர். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் குட்டை. அந்தக் காலுக்கு அடி உயர்த்திய ஷூவும், கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்ள அகலமான ஒரு வாரும் இருந்தால் போதும் — யார் கையையும் பிடிக்காமல் நடப்பார். பல வருஷமாக நான்தான் தைத்துக் கொடுக்கிறேன்.

இந்தத் தடவை, மக்காவில் கஅபாவைச் சுற்றி வருகிற உம்ரா பயணம் போகிறார். துபாயில் இருக்கும் மகன் கூட்டிப்போகிறான். அங்கே வீல்சேர் சொல்லி வைக்கிறேன் என்றானாம் அவன். லாத்தா ஒத்துக்கொள்ளவில்லை.

"கோணலோ மாணலோ, அல்லாஹ் குடுத்த காலு. அதுலதான் சுத்தி வருவேன். நீ எனக்குப் புதுசா ஒரு ஜோடி தைச்சுக் குடு தம்பி. தெருவுல படாததா இருக்கணும். அங்கன பளிங்குத் தரையில போட்டு நடக்கப் போறேன்."

"அங்க தையல் போட்டது ஆகாதுன்னு சொல்வாகளே லாத்தா?"

"அது ஆம்பளைகளுக்கு! அவுகதான் தைக்காத துணியச் சுத்திக்கிட்டு, எங்கன அவுந்துருமோன்னு பிடிச்சுக்கிட்டே திரியணும். எங்களுக்கென்ன?"

சனிக்கிழமை பயணம். ஷூவின் அடிப்பாகம் முடிந்துவிட்டது. வார்தான் பாக்கி.

கையால் தைக்க வேண்டியதுதானே என்பீர்கள். என் வலது பெருவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது. கனத்த தோலில் நூலை இழுத்து இறுக்க முடியாது. இறுகாத தையல், நடக்க நடக்க விட்டுவிடும். அதுவும் அவ்வளவு தூரம் போன இடத்தில் விட்டுவிட்டால்?

மறுநாளே மதுரைக்கு பஸ் ஏறினேன்.

என்னிடம் இருந்தது பழைய கிளட்ச் மோட்டார். சுவிட்ச் போட்டால் தைத்தாலும் தைக்காவிட்டாலும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். மிதியைப் பட்டும் படாமலும் அழுத்தித்தான் மெதுவாகத் தைக்க வேண்டும். இப்போது எல்லோரும் சர்வோ மோட்டாருக்கு மாறிவிட்டார்கள். மிதித்தால்தான் சுற்றும். சத்தம் கிடையாது. வேகத்தை ஒரு திருகில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

தையல் மெஷின் சாமான் விற்கிற கடை. நல்ல கூட்டம். ரெடிமேட் கம்பெனி வைத்திருப்பவர்கள், டெய்லர்கள்… சட்டை மடிப்புக் கலையாத ஆட்கள். எல்லோருக்கும் டீ வந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

அப்போதுதான் கடைக்காரத் தம்பி கேட்டார் — "நீங்க என்னண்ணே தைக்கிறீங்க?"

எவ்வளவு சுலபமான கேள்வி!

செருப்பு என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒன்று மாறும். ஊர் என்ன, எந்தத் தெரு என்று அடுத்த கேள்வி வரும். என் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். மற்றவர்களுக்கு நான் விளக்கப் போவதில்லை.

"பை… கவர்… அந்த மாதிரி" என்றேன்.

"அப்ப இது போதும்ணே. நல்ல ஸ்பீடு, பறக்கும்!" என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். தலையாட்டினேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாட்டிப் பார்த்தேன். பறக்கத்தான் செய்தது — ஊசிக்குக் கீழே எதுவும் இல்லாதபோது.

வாரில் பக்கிள் வருகிற இடம் நாலு மடிப்புத் தோல். அங்கே போனதும் ஊசி தோலில் குத்தி அப்படியே நின்றது. மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியது. இன்னும் அழுத்தினேன். சட்டென்று பாய்ந்து கோட்டைத் தாண்டி ஓடியது. ஊசி ஒடிந்தது. வலது கையால் சக்கரத்தைச் சுற்றி, இடது கையால் தோலைத் திருப்பிப் பார்த்தேன். வளைவில் தையல் பாம்பு மாதிரி நெளிந்துவிட்டது. அந்த வார் பாழ். மிச்சத் தோலில் இன்னும் ஒரே ஒரு வார்தான் வெட்ட முடியும்.

மனைவி முத்துமாரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தோலு தைக்கணும்னு சொன்னீகளா?"

ஒடிந்த ஊசியைக் கழற்றினேன்.

"சொல்லல. அங்கன போயி வாயில கொழுக்கட்டைய வச்சிருந்தீக. ஊருக்கே பேப்பர்ல எழுதுறீக, கடைக்காரன்ட்ட ஒரு வார்த்த சொல்ல வரலயாக்கும்?"

"சரி, விடு."

"நான் விட்டுருவேன். அந்த லாத்தாவ வீல்சேர்ல உக்காருங்கன்னு யாரு போயிச் சொல்றது? நீங்க சொல்வீகளா, நான் சொல்லவா?"

புதன்கிழமை மறுபடியும் மதுரை. ஒரு கையில் மோட்டார் பெட்டி. இன்னொரு கையில் மஞ்சள் பை. அதற்குள் பாழான வார்.

அன்றைக்கும் கூட்டம்தான். திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வாரை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தேன். "நான் செருப்புத் தைக்கிறவன் தம்பி. இதைத்தான் தைக்கணும்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவர் தன் துணிக்கட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்.

வைத்துக்கொள்ளட்டும்.

கடைக்காரத் தம்பி வாரை எடுத்து வளைத்துப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏண்ணே… நாலு மடிப்புத் தோலு! இதைக் கொண்டுபோய் நைட்டி தைக்கிற மோட்டார்ல விட்டா, அது என்ன செய்யும் பாவம்? உக்காந்து அழுகும். இதை மொதல்லயே சொல்லிருக்கக் கூடாது?"

அதோடு சரி. ஊர், தெரு எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் வேறு. எவ்வளவு கனம்? என்ன நூல்? நிறுத்தும்போது ஊசி மேலே நிற்கணுமா, கீழே நிற்கணுமா? வளைவில் தோலைத் திருப்ப வேண்டும், ஊசி கீழே குத்தி நின்றால்தான் வசதி என்றேன். நானா இவ்வளவு பேசுகிறேன் என்று எனக்கே ஆச்சரியம்.

"உங்களுக்கு ஸ்பீடு வேணாம்ணே, இழுவைதான் வேணும்" என்று அதைவிட வாட்ஸ் கூடிய மோட்டாரை எடுத்தார். அதில் இருந்த கப்பியைக் கழற்றிவிட்டுச் சின்னக் கப்பி ஒன்றைப் போட்டார். "லோடு லாரி மேட்டுல ஃபர்ஸ்ட் கியர்ல ஏறும்ல? அந்தக் கணக்கு. மெதுவாச் சுத்தும், ஆனா விடாது. கப்பி சின்னதாயிட்டதால பெல்ட்டும் கட்டையாப் போடணும்." எங்கள் பக்கம் உப்புக்காற்று என்றேன். கன்ட்ரோல் பெட்டிக்குள் போர்டு அரித்துவிடும், தைக்காத நேரத்தில் மூடி வையுங்கள் என்றார். முதலில் கொடுத்த மோட்டாரை முனகாமல் திருப்பி எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை கடைசித் தோலை வெட்டினேன். வேகத் திருகைக் கீழே இறக்கி வைத்தேன். முத்துமாரி வாசலிலேயே நின்றாள். பக்கிள் மடிப்பு வந்தது. ஊசி குத்தியது. இறங்கியது. மறுபுறம் வந்தது. ஒவ்வொரு தையலாக, எண்ணிவிடலாம் போல அவ்வளவு நிதானமாக… வளைவு முடிந்து கோடு நேரானது.

"மூச்ச விடுங்க" என்றாள் முத்துமாரி.

வெள்ளிக்கிழமை லாத்தா வந்தார். புதுப்பாயை விரித்து, அதன் மேல் நின்று போட்டுப் பார்த்தார். பாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடந்தார். சுவரைத் தொடவில்லை. வாரைக் குனிந்து தடவினார்.

"கடிக்கல தம்பி" என்றார். அவ்வளவுதான். அவர் பாராட்டெல்லாம் அந்த அளவில்தான் இருக்கும்.

முந்தாநாள் மக்காவிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் ஒரே ஜனச் சத்தம்.

"தம்பி, சுத்து முழுக்க என் காலாலயே முடிச்சுட்டேன். அல்ஹம்துலில்லாஹ். என் மகனத்தான் காணோம்… அந்தா, தூணோரமா உக்காந்து காலப் பிடிச்சுக்கிட்டு இருக்கான்."

உங்களுக்கு ஒன்றே ஒன்று. கடைக்காரர் என்ன தைக்கிறீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள் — நமக்காக இல்லாவிட்டாலும், மெஷினுக்காகவாவது.