கிராணியம்மா ரேடியோ

கம்பிப்பாலத் தோட்டத்தில் ரேடியோ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் அது கிராணி சீவரத்தினத்தின் வீட்டுக் கூடத்தில் இருந்த மரப்பெட்டி. ஜப்பான்காரன் வந்த பிறகு அது அவருடைய மனைவி பேபி.

சிரம்பானிலிருந்து செண்டாயான் போகும் வழியில் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது அந்த ரப்பர்த் தோட்டம். தோட்டத்து ஆபீசில் சம்பளக் கணக்கு எழுதுகிறவர் சீவரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், வேதக்காரர், சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் கல்நெஞ்சக்காரர் இல்லை. பிறந்த குழந்தை ஒரு வாரங்கூடத் தங்காமல் போய், பேபி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த காலத்தில், கார் பேட்டரியில் ஓடுகிற ரேடியோவை வாங்கி மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான். "கேளும். வாய் திறந்து கதைக்காட்டிலும் பரவாயில்லை, கேளும்" என்றார். அவளும் கேட்டாள். ஞாயிறு சாயங்காலத்தில் அரைமணி நேரம் கிறிஸ்தவப் பாட்டுகள் வரும். அந்த அரைமணிக்காகவே அவள் மற்ற நாட்களைத் தள்ளினாள்.

லயம் என்கிற கூலி வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களும் கேட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று. கிராணி வீட்டுப் படி ஏற அவர்களுக்கு உரிமை கிடையாது. வேலியோரம் நிற்கிற தலைகளைப் பேபி அந்த நாளில் வேலிக்கால்களாகத்தான் பார்த்தாள். அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாக் கிராணியம்மாக்களும் அப்படித்தான் பார்த்தார்கள்.

பிறகு துரை ஓடினான், ஜப்பான்காரன் வந்தான். வெளிநாட்டுச் செய்தி கேட்காதபடி மாற்றித் தருகிறோம், எல்லோரும் ரேடியோவைக் கொண்டுவாருங்கள் என்று உத்தரவு போட்டார்கள். சீவரத்தினம் சட்டத்துக்குப் பயந்தவர், முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாற்றித் தருகிறவர்கள் பெட்டியையே மாற்றிக்கொண்டார்கள், தங்கள் பக்கம். அதற்குமேல் யார் போய்க் கேட்பது?

அடுத்த ஞாயிறு வேலியோரத்தில் வழக்கம்போலத் தலைகள். ரேடியோ போய்விட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லத்தான் பேபி வாசலுக்கு வந்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவளுடைய அப்பா வட்டுக்கோட்டையில் உபதேசியார், சொந்தமாகக் கீர்த்தனை கட்டுகிறவர். அதில் ஒன்றை மெள்ள எடுத்தாள். பெரிய குரல் ஒன்றுமில்லை. ஆனால் சுருதி பிசகாது, சொல் தெளிவாக விழும். கீழே பத்தாம் லயம் வரைக்கும் கேட்டது.

"கிராணியம்மா ரேடியோ நல்லா பாடுதுலா!" என்றாள் வள்ளிநாயகி. அவள் பால்மரம் வெட்டுகிறவள், வாய்த்துடுக்குக்காரி. பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

லயத்து வீடுகளுக்கு நடுவில் பலகைத் தடுப்புதான். தடுப்பு கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் பத்து வீட்டுக்கும் தீர்ப்புச் சொல்ல வசதி. அந்த வசதியில் பாட்டும் பரவியது. வள்ளிநாயகி காதால் பிடித்துக்கொண்டதை வீட்டில் உட்கார்ந்து பாடினால் ஒரு வரிசை முழுக்கக் கேட்கும். அவள் வேதத்தில் சேர்ந்தவள் இல்லை, மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவள். அதனால் என்ன? அரிசி இல்லை, துணி இல்லை, மருந்து இல்லை, மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிப்போன காலம். பாட்டாவது இருக்கட்டும் என்று ஜனங்கள் நினைத்தார்கள்.

உப்புக்குக் கிழங்கு மாற்றப் போன ஒருத்தி பக்கத்துச் செம்மண் பிரிவுக்கு ஒரு பாட்டைக் கொண்டுபோனாள். அங்கே ஒருத்தி பிடித்துக்கொண்டாள். கட்டிக்கொடுத்த பெண்ணோடு இரண்டு பாட்டு ஆற்றுக்கு மேலே இருந்த தோட்டத்துக்குப் போயிற்று. சிரம்பான் பக்கத்து ரஹாங்கில் அன்னபூரணம் என்ற விதவை, வேதக்கோயிலில் பேபிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், அவள் வாசலில் ஒரு கூட்டம் சேர்ந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் 'ஸ்டேஷன்' என்று பெயர். ஞாயிறு பிற்பகலில் ஸ்டேஷன் பெண்கள் நடந்தே வந்து புதுப்பாட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். கிராணி வீட்டுப் படியில் அவர்கள் ஏறி உட்கார்ந்ததைச் சீவரத்தினம் முதலில் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு பேப்பர் இல்லாத காலத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

கேட்டவர்கள் கிழங்கு கொண்டுவந்தார்கள், கருவாடு கொண்டுவந்தார்கள். தேவனுடைய பாட்டுக்கு விலை கிடையாது என்பது உபதேசியார் வீட்டுச் சட்டம், பேபி தொடமாட்டாள். கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப்போக அவர்களுக்கும் மனம் வராது. கடைசியில் எல்லாம் காய்ச்சல்காரர்கள் கிடந்த கொட்டகைக்குப் போயிற்று. எல்லா ஸ்டேஷனிலும் அதுவே வழக்கமாயிற்று.

ஒரு தடவை மட்டும் பேபிக்குக் கோபம் வந்தது. 'மரித்தெழுந்த நாதரே' என்ற அடி ஆற்றுக்கு மேலே போய் 'மாரியம்மா நாதரே' என்று ஆகிவிட்டதாம். அவள் முகம் சிவந்து நின்றதைப் பார்த்து வள்ளிநாயகி சிரித்தாள். "விடுங்கம்மா. யாருக்குப் போகணும்னு பாட்டுக்குத் தெரியாதா? சாமிங்க பேசித் தீத்துக்கும்லா." பேபி அப்பாவை நினைத்துக் கண்ணை மூடினாள். திருத்தப் போகவில்லை.

எதற்கும் ஒரு முடிவு வேண்டுமே. பாட்டு முடிந்த பிறகும் வாயாடிக்கொண்டு நின்ற கூட்டத்தை ஒரு நாள் ரோந்து வந்தவர்கள் துப்பாக்கிக் கட்டையால் அடித்துவிட்டார்கள். அதிலிருந்து கண்டிப்பு வந்தது. கடைசியில் பேபி தன் அப்பா கட்டிய மங்களத்தைப் பாடுவாள். மங்களம் காதில் விழுந்தால் எழுந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஒரு பேச்சு கூடாது. தவழ்கிற பிள்ளைகூட மங்களம் கேட்டால் வீட்டுப் பக்கம் திரும்பும் என்பார்கள். அது கொஞ்சம் மிகைதான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சிரம்பான் பசாரில் யாரோ, "எங்க தோட்டத்து ரேடியோ நேத்து அருமையா பாடுச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். ரேடியோ வைத்திருந்தால் தலை போகிற காலம் அது. அடுத்த நாளே ஓர் ஆபீசரும் சிப்பாய்களும் வந்தார்கள். கூடவே தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளன் ஒருவன், பினாங்குக்காரன். கூரைப் பலகையைப் பிடுங்கினார்கள், கோழிக்கூட்டைக் கவிழ்த்தார்கள். சீவரத்தினத்தின் கன்னத்தில் அறைந்து, ரேடியோ எங்கே என்று கேட்டார்கள். மண்டோர் முருகையா, வேலையாட்களை மேய்க்கிறவர், பொய் சொல்லத் தெரியாத அப்பாவி. அவர் முன்னால் வந்து பேபியைக் காட்டினார்.

"அதோ நிக்குதுங்க ரேடியோ."

விஷயம் விளங்கியதும் ஆபீசர் வயிறு குலுங்கச் சிரித்தான். பாடச் சொன்னான். பாடினாள். வேலியோரம் ஜனங்கள் சேருவதைக் கவனித்தான். ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து ஆண்பிள்ளைகளும் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்ததை இன்னும் நன்றாகக் கவனித்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

சயாமில் தண்டவாளம் போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். செம்மண் பிரிவிலிருந்து முன்பே ஒரு லாரி ஆட்களை ஏற்றிப் போயிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதி இல்லை, சாகிறார்கள் என்ற பேச்சுத்தான் வந்தது. அதனால் லாரிச் சத்தம் கேட்டால் ஆண்கள் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். பாட்டுக்கு மட்டும் திரும்பி வருவார்கள். ஆபீசருக்கு வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று.

மொழிபெயர்ப்பாளன் சீவரத்தினத்தையும் பேபியையும் ஆபீசில் நிறுத்திச் சொன்னான். "வர்ற சனிக்கிழமை சாயங்காலம் பெரிய திடல்ல உங்க வீட்டம்மா பாடணும். சோறு போடுவாங்க, படம் காட்டுவாங்கன்னு சொல்லுங்க. லாரி பொகைவீட்டுக்குப் பின்னால நிக்கும். ஆளு வரலேன்னா, கிராணியாரே, நீங்கதான் ஏறணும்."

வீட்டுக்கு வந்ததும் சீவரத்தினம் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பேபி, பாடும். சனம் வரட்டும். அதுகள் வெயிலிலும் மழையிலும் உழைச்ச சனம், தாங்குவினம். நான் ஒரு மழைக்குத் தாங்கமாட்டன். எனக்கு இழுப்பு வாறது உமக்குத் தெரியுந்தானே."

பேபி கிழங்கை அடுப்பில் ஏற்றினாள்.

"பாடுறீரோ?"

"ஓம்" என்றாள் பேபி. "பாடுறன்."

அந்த 'ஓம்' அவருக்குப் போதுமானதாக இருந்தது. அன்றைக்குக் கிழங்கு தின்றார், படுத்தவுடன் தூங்கிவிட்டார். அவள் விழித்துக் கிடந்தாள். பக்கத்தில் இழுத்து இழுத்து மூச்சு விடுகிற மனிதர் மீது அவளுக்கு ஆசை இல்லாமலில்லை. இருபது வருஷம் கூடவே இருந்தவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சனிக்கிழமை திடலில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அரிசி மூட்டை இரண்டு கண்ணில் படும்படி வைத்திருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் முதலில் வந்து உட்கார்ந்தார்கள். ரப்பர் உலர்த்துகிற புகைவீட்டோரம் சிப்பாய்கள் சிலர் வேலை வெட்டி இல்லாதவர்கள் போலக் குந்தியிருந்தார்கள். மரங்களுக்குள்ளே ஆண்கள் நிற்பது பேபிக்குத் தெரிந்தது, வெள்ளைப் பனியன்கள் அங்கங்கே அசைந்தன. அரிசி அவர்களை இழுத்தது. அவள் குரல் கேட்டால் வெளியே வந்துவிடுவார்கள். சீவரத்தினம் கோட்டுப் போட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றார். அவளைப் பார்த்துத் தலையசைத்தார், தொடங்கும் என்று.

பேபி மங்களத்தை எடுத்தாள்.

முதல் அடி முடிவதற்குள் வள்ளிநாயகி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் பேசவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு வழக்கம்போல நடந்தார்கள். மரங்களுக்குள்ளே பனியன் இல்லை.

ஆபீசர் மொழிபெயர்ப்பாளனைப் பார்த்தான். என்ன பாட்டு இது? பினாங்குக்காரனுக்குத் தமிழ் தெரியும், தோட்டம் தெரியாது. "சாமியை வாழ்த்துற பாட்டு" என்று உண்மையையே சொன்னான். ஆண்கள் வருவார்கள் என்று ஆபீசர் காத்திருந்தான். பேபி தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் குறை வைக்காமல், குரலைத் தாழ்த்தாமல் காலியான திடலுக்குப் பாடினாள். சீவரத்தினத்தின் பக்கம் அவள் திரும்பவில்லை, திரும்பப் பயமாக இருந்தது. இருட்டு விழ ஆரம்பித்ததும் அவரைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவரை லாரியில் ஏற்றினார்கள். கோட்டை மட்டும் சரிசெய்துகொண்டார்.

லயங்களில் கதை ஒரே வாரத்தில் முழுமையடைந்துவிட்டது. கிராணியாரும் அம்மாவும் கலந்து பேசி, ஜனங்களுக்காக அவர் தன்னையே கொடுத்துவிட்டாராம். அப்படித்தான் செண்டாயான் வரைக்கும் சொன்னார்கள். வள்ளிநாயகி வந்து பேபியின் காலைப் பிடித்து அழுதாள். "தெய்வம்மா நீங்க ரெண்டு பேரும்." பேபி காலை இழுத்துக்கொண்டாள். அப்படி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஸ்டேஷன்கள் பெருகின. அந்தத் திடலைப் பற்றிக் கேள்விப்பட்டு, பெயர் தெரியாத தோட்டத்திலிருந்தெல்லாம் பெண்கள் பாட்டுக்கு வந்தார்கள். அவள் சொல்லிக்கொடுத்தாள். கொட்டகைக்குக் கிழங்கு போய்க்கொண்டிருந்தது.

ஜப்பான்காரன் தோற்றுப்போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்து கொஞ்ச காலம் கழித்துச் சீவரத்தினம் வந்தார். அவரே நம்பவில்லை, இழுப்புக்காரர் பிழைத்துவிட்டார். சயாமில் கூடாரத்தில் செத்தவர்கள் பெயரை எழுத ஒரு கிராணி தேவைப்பட்டிருக்கிறார். பாதத்தில் புண், தலையில் மயிர் இல்லை. கம்பிப்பாலத்தில் மேளம் வைத்து வரவேற்றார்கள். முருகையா மாலை போட்டு, விழுந்து கும்பிட்டார். இது எதற்கு என்று விளங்காமல் அவர் எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டுக்குள் வந்ததும் மாலையைக் கழற்றினார். பேபி வெந்நீர் வைத்து அவர் பாதத்தைக் கழுவினாள்.

"அண்டைக்கு மங்களத்தை முதல்ல பாடினனீர்" என்றார்.

"ஓம்."

"பயத்திலை மாறிப்போச்சுதாக்கும். அங்கை கிடந்து நெடுக அதைத்தான் நினைச்சனான். பாவம், மனுசி நடுங்கிப்போச்சுது, பாட்டு மாறிப்போச்சுது எண்டு. அதை நினைச்சுத்தான் உயிரோடை கிடந்தனான்."

மாறித்தான் போயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. கேட்கிறவரும் அதைத்தான் கேட்டார். பேபி ஈரத்துணியைப் பிழிந்தாள்.

"மாறேல்லை" என்றாள். "தெரிஞ்சுதான் பாடினனான். உங்களுக்கு ஓம் எண்டு சொல்லேக்கையும் தெரியும்."

வெளியே மேளக்காரர்களுக்குச் சோறு பரிமாறுகிற சத்தம் கேட்டது. அவர் பாதத்தை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், எழுந்து போனார், எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதன்பிறகு சாகிறவரைக்கும் அந்த வீட்டிலேயேதான் இருந்தார். அவள் சமைத்ததைச் சாப்பிட்டார், காய்ச்சலில் அவள் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தார், கோயிலுக்குக் குடை பிடித்துக் கூட்டிப்போனார். ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவள் பாடத் தொடங்கினால் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்துவிடுவார், பாட்டு முடிந்த பிறகுதான் திரும்பி வருவார். பேபியும் பாடுவதை நிறுத்தவில்லை.