சல்லடையில தங்கின புழு

அசிட் வாசமும் ரப்பர் பால் வாசமும் சேந்து தலைமுடி வரைக்கும் ஏறியிருக்கும்... ஏ.எல். பரீட்சை முடிச்ச கையோட தெஹியோவிட்ட பக்கம் எங்க தோட்டத்து ரப்பர் பெக்டரியில ரெண்டு வருஷம் வேலை செஞ்சேன். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்க மூக்க சுளிச்சா, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன்.

என் வேலை பால் வடிக்கிறது. மலையில வெட்டிக் கொண்டுவர்ற பால சல்லடையில ஊத்தணும். பட்டை, எலை, எறும்பு எல்லாம் மேல தங்கும். உடனே சல்லடைய கவுத்து ரெண்டு தட்டு... குப்பை போயிரும். "ஒரு தூசி இருந்தாலும் ஷீட் பழுது!"ன்னு பெக்டரி ஐயா கத்துவாரு. தூக்கத்துல கூட தட்டியிருக்கேன்னா பாத்துக்கங்க.

அப்புறம் கொழும்புல ஒரு லேப்ல உதவியாளர் வேலை கெடச்சுச்சு. மூணு மாசம் பாப்பாங்க, சரின்னா நிரந்தரம்.

"அங்க என்னம்மா வேலை?"ன்னு அப்பா கேட்டாரு.

"கடல் சேறு கழுவுறதுப்பா."

"இதுக்கா ஏ.எல். படிச்ச?"ன்னு சிரிச்சாரு. ஆனா எங்க லயத்து வீடுங்க பூரா "மகளுக்கு கொழும்புல லேப் வேலை"ன்னு சொல்லிட்டு திரிஞ்சாரு. அந்த வேலை போனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு திரும்பி வர்றது?

அப்ப ஒரு பழைய துறைமுகத்த ஆழப்படுத்த இருந்தாங்க. தோண்டுற சேத்த வெளிக் கடல்ல கொட்டலாமா, கொட்டினா அங்க உள்ள மீனுக்கு ஆபத்தான்னு நாங்க பாத்து சொல்லணும். எங்களுக்கு பெரியவர் ரம்ஸி சேர், மாவனல்லைக்காரர். படகுல இருந்து ஒரு இரும்புக் கருவிய கயித்துல எறக்குவாரு, அது அடிச்சேத்த கவ்விட்டு வரும். தார் கணக்கா கறுப்பு... அழுகின முட்டை நாத்தம். எல்லாரும் மூக்க பொத்துனாங்க. எனக்கு பெக்டரி கழிவுத்தண்ணி ஓடுற கான் ஞாபகம்தான் வந்துச்சு.

லேப்புக்கு வந்ததும் சல்லடைய கையில குடுத்து, "சேத்த இதுல ஊத்தி கழுவி வைங்க புள்ள"ன்னு சொல்லிட்டு சேர் மீட்டிங் போயிட்டாரு.

கழுவினேன். சிப்பித் துண்டு, நூல் மாதிரி செவப்பா நெளியிற புழு எல்லாம் மேல தங்குச்சு. கை தன்னால ரெண்டு தட்டு தட்டுச்சு. எல்லாம் சிங்க்ல போயிருச்சு. கீழ வடிஞ்ச சேத்துத் தண்ணிய மட்டும் வாளியில புடிச்சு, தூசி விழாம மூடி வச்சேன்!

சேர் வந்து சல்லடைய வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. மொகம் வாடிப்போச்சு.

"ஒண்ணுமே தங்கலையா? எவ்வளவு ஈயம், எவ்வளவு எண்ணெய்னு மெஷின் சொல்லும் புள்ள. அந்த விஷம் உயிர தொட்டிருச்சான்னு புழுதான் சொல்லணும். இது செத்த சேறு..."

சொல்லிட்டே ஃபோர்ம்ல பூச்சியம் போட்டாரு.

அப்பதான் எனக்கு வெளங்குச்சு. வாய மூடிட்டு இருந்தா வேலை இருக்கும். யாருக்கும் தெரியாது.

"சேர்... தங்குச்சு. நான்தான் தட்டிக் கொட்டிட்டேன். குப்பைன்னு நெனச்சேன். பெக்டரியில அப்படித்தான் செய்வோம்..."

மூடி வச்ச வாளியையும் காட்டினேன். பாத்து சிரிச்சவரு, கொஞ்ச நேரத்துல சிரிப்ப நிப்பாட்டிட்டாரு.

"சொல்லாம வுட்டிருந்தா நான் சைன் வச்சிருப்பேன்"னாரு. பூச்சியத்த வெட்டினாரு. "நாளைக்கு விடிய படகுக்கு வந்துருங்க."

திரும்பப் போய் அள்ளினோம். தங்கின புழுவ விரல் விட்டு எண்ணலாம், அவ்வளவுதான். ஆனா உயிரோட இருந்துச்சு! ஒவ்வொண்ணா எடுக்கையில அழுகை வந்துருச்சு.

வேலை நிரந்தரமாச்சு. இன்னைக்கு புதுசா வர்ற புள்ளைங்களுக்கு நான்தான் சல்லடை புடிக்கக் காட்டுறேன்.

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். பெக்டரிக்குக் கீழ ஓடுற ஓயாவுக்கு, அந்த சின்ன ஆத்துக்கு, அப்பா கூட்டிட்டு போனாரு. சின்னதுல அங்க கால வச்சா நண்டு கடிக்கும், கத்திட்டு ஓடுவோம்.

"பாத்தியாம்மா, இப்ப எவ்வளவு சுத்தம்! கண்ணாடி மாதிரி. ஒரு நண்டு நட்டு கெடையாது."

அப்பாவுக்கு அவ்வளவு சந்தோசம். நான் சேலைய தூக்கி சொருகிட்டு எறங்கி, ஒவ்வொரு கல்லா பொரட்டிப் பாத்தேன். நண்டு இல்ல, மீன் குஞ்சு இல்ல... ஒரு புழு கூட இல்ல.

அன்னைக்கு பூச்சியம் என் தப்பு. சேர்கிட்ட சொன்னேன், திரும்பப் போய் அள்ளினோம்.

இத யாருகிட்ட போய் சொல்றது...?